புனித பெலிக்ஸ் ஒருபோதும் தோற்றதில்லை

1995ஆம் ஆண்டுக் கோடையில் புனித பெலிக்ஸ் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் சுவிஸ் கிளை ஆறு உதைபந்தாட்டப் போட்டிகளில் விளையாடி ஆறிலும் தோற்றது. வாங்கிய கோல்கள் முப்பத்தொன்று. அடித்தது ஒன்று. அந்த ஒன்றும் எதிரணிப் பின்கள வீரர் ஒருவர் தன்னுடைய கோல்காப்பாளருக்குப் பந்தைத் திருப்பிக் கொடுக்கப்போய்த் தவறுதலாக அடித்தது. சங்கம் அவருக்கு நன்றிக் கடிதம் அனுப்பியது.

சங்கத்தில் எண்பத்துநான்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒரு தலைவர், மூன்று உபதலைவர்கள், ஒரு செயலாளர், ஒன்பது ஆலோசகர்கள், அதற்கு மேல் ஆதரவாளர் அணிக்கென்று தனியாக ஒரு தலைவர். விளையாடுவதற்கு வழக்கமாக ஏழு பேர் வருவார்கள். மிச்ச நால்வரை மைதானத்தில் வைத்து, பார்க்க வந்த உறுப்பினர்களில் வயிறு குறைந்தவர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். பிடிபடாதவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று, விளையாடுகிறவர்களுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கோல் காத்தவன் தவராஜா. வயது இருபத்தைந்து. எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினான். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் மலை ரயிலைப் பிடித்து, கூரில் ஒருமுறை, சூரிச்சில் ஒருமுறை மாறி, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்து வின்டர்தூருக்கு வருவான். கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்று நாலோ ஐந்தோ கோல்களை வாங்குவான். பிறகு அதே பாதையால் திரும்பிப் போவான். அவன் இல்லாவிட்டால் முப்பத்தொன்று எழுபதாகியிருக்கும் என்று மற்றக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் சொன்னார்கள். சொந்தக் கல்லூரியில் அப்படி ஒருவரும் சொல்லவில்லை.

கடைசிப் போட்டியில் நாவுக்கரசர் கல்லூரியிடம் ஒன்பதுக்குப் பூச்சியம் என்று தோற்ற பிறகு, தலைவர் எமிலியானுஸ் மைதானத்தின் நடுவில் நின்று பேசினார். அவர் வில் நகரத்தில் இரும்புப் பட்டறை ஒன்றில் இயந்திரம் ஓட்டுபவர். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தால் அவருடைய தமிழ் மாறிவிடும். நாம் விளையாட்டில் மட்டுமே தோற்றிருக்கிறோம், ஏனைய எல்லாவற்றிலும் வென்றிருக்கிறோம் என்று அவர் சொன்னார். ஏனையவை எவை என்று ஒருவரும் கேட்கவில்லை. பனியன் நனைந்து நின்ற தவராஜாவும் கைதட்டினான்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் பேர்னில் உள்ள அகதி அலுவலகத்திலிருந்து தவராஜாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவனுடைய அகதி விண்ணப்பம் நான்கு வருடங்களாகக் கிடந்தது. 1988இல் இராணுவம் கல்லூரி விடுதியைச் சுற்றிவளைத்தபோது பிடிபட்டு மூன்று மாதம் தடுப்பில் இருந்ததாக அவன் சொல்லியிருந்தான். அது உண்மை. ஆனால் முதல் விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஒரு கல்லூரியின் பெயரை எழுதியிருந்தார், இரண்டாவது விசாரணையில் வேறொருவர் வேறொரு கல்லூரியின் பெயரை எழுதியிருந்தார். ஆகவே எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதற்கு நவம்பர் இருபதுக்கு முன் ஆதாரம் தர வேண்டும் என்று கடிதம் கேட்டது.

ஊருக்கு எழுதி எடுப்பதற்கு வழியில்லை. அங்கே தபால் போய் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அவன் சங்கத்தின் செயலாளர் மகேஸ்வரனுக்கு ரெலிபோன் எடுத்தான். மகேஸ்வரன் வயோதிபர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்தார். சங்கத்தின் முத்திரை அவரிடம்தான் இருந்தது. நித்திரைக்குப் போகும்போதும் அதைத் தலைமாட்டில் வைத்திருப்பார் என்று சொல்வார்கள்.

தவராஜா இந்தக் கல்லூரியில் படித்தவர் என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்தித் தந்தால் போதும் என்று அவன் கேட்டான். அப்படிச் சும்மா தருவதற்கு இது பெட்டிக்கடை இல்லை என்று மகேஸ்வரன் விளக்கினார். விண்ணப்பம் மூன்று பிரதிகளில் வர வேண்டும், பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும், கூட்டம் நவம்பர் பன்னிரண்டாம் திகதி. தவராஜா நாட்களை எண்ணிப் பார்த்தான். கூட்டம் முடிந்து எட்டு நாள் மிச்சம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு மூன்று பிரதிகள் எழுதினான்.

ஒரு கிழமையில் சங்கத்திலிருந்து பதில் வந்தது. அவன் கை கழுவிவிட்டு, சமையலறையின் பின்வாசலில் நின்று உறையைக் கிழித்தான். உள்ளே இருந்தது உறுதிக் கடிதம் அல்ல. பருவகாலத் தோல்விகள் தொடர்பாகப் பொதுக்கூட்டத்தில் விசாரணை நடைபெற இருப்பதால், தாங்கள் வாங்கிய முப்பத்தொரு கோல்களுக்கும் தனித்தனியாக எழுத்தில் விளக்கம் தரவும் என்று இருந்தது. கீழே முத்திரை நல்ல தெளிவாக விழுந்திருந்தது.

அவன் விளக்கம் எழுதினான். இடைவேளைகளில், உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து நான்கு நாட்கள் எழுதினான். முதலாவது கோலுக்குச் சூரியன் கண்ணில் பட்டதைக் காரணமாகச் சொன்னான். ஏழாவது கோல் விழுந்த நேரம் பின்கள வீரர் தன்னிடம் நெருப்புப்பெட்டி கேட்டுக்கொண்டு நின்றார் என்று எழுதினான். பன்னிரண்டாவது பந்தைத் தான் பிடிக்கப் பாய்ந்தபோது, வலைக்குப் பின்னால் நின்ற ஆதரவாளர் அணித் தலைவர் தம்பித்துரை அண்ணை 'விடு, அது வெளியிலை போகுது' என்று சொன்னதாகவும், மூத்தவர் சொல்லைத் தட்டக்கூடாதென்று விட்டதாகவும் எழுதினான். இருபத்துமூன்று முதல் இருபத்தாறு வரையான கோல்கள் விழுந்தபோது மைதானத்தில் தான் மட்டுமே நின்றதையும், மற்றப் பத்துப் பேரும் பிரதம விருந்தினரோடு படம் எடுக்கப் போயிருந்ததையும் பணிவுடன் குறிப்பிட்டான்.

பொதுக்கூட்டம் வின்டர்தூரில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. அறுபத்தொரு பேர் வந்திருந்தார்கள். சங்க வரலாற்றில் அவ்வளவு பேர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து போயிருந்தது. கல்லூரியில் ஒருவரும் இல்லை. மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் தாய் தகப்பன் எந்த மரத்தின் கீழ் இருக்கிறார்கள் என்று தெரியாது. நிகழ்ச்சி நிரலில் இது ஒன்பதாவதாக, 'ஊர் நிலைமை, நேரம் இருந்தால்' என்று போடப்பட்டிருந்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர் அதை முன்னுக்கு எடுக்கலாமோ என்று கேட்டார். அதைப் பற்றி எல்லாரும் வீட்டில் கதைக்கிறோம்தானே என்று தலைவர் சொன்னார். ஆனாலும் மனிதாபிமானத்தோடு, கல்லூரியில் கைவிடப்பட்ட வெற்றிக் கிண்ணங்களுக்காக இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். சிலர் உண்மையாகவே அழுதார்கள்.

பிறகு பருவகாலம் விவாதத்துக்கு வந்தது.

மகேஸ்வரன் முதலில் தவராஜாவின் முப்பத்தொரு விளக்கங்களையும் மேசையில் வைத்தார். நீளமாக இருப்பதால் அவை வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆதாரத்துக்கு வீடியோ போட்டார்கள். போட்டிகளைப் படம் பிடித்தவர் கலியாண வீட்டுக்குப் படம் பிடிக்கிறவர். முதல் இருபது நிமிடம் எமிலியானுஸுக்கு மாலை போட்டார்கள். அடுத்த பதினைந்து நிமிடம் விருந்தினர்கள் றோல்ஸ் சாப்பிட்டார்கள். அவர்களுடைய வாய்களுக்குப் பின்னால் தூரத்தில் யாரோ ஓடுவது தெரிந்தது. இடையிடையே கூட்டம் கத்துவது மட்டும் கேட்டது. ஆறு போட்டிகளின் படத்தில் ஒரு கோலும் இல்லை.

சபை யோசனையில் ஆழ்ந்தது. ஈரப் புல் எங்கள் கால்களுக்கு ஒத்துவராது என்று ஒருவர் சொன்னார். சீஸ் சாப்பிடத் தொடங்கியதிலிருந்துதான் வேகம் குறைந்தது என்றார் இன்னொருவர். பனியனின் நீலம் கல்லூரியின் நீலம் அல்ல, அது நாவுக்கரசர் கல்லூரியின் நீலத்தோடு கிட்ட வருகிறது, அதனால்தான் எங்கள் ஆட்கள் பந்தை அவர்களுக்கே கொடுத்தார்கள் என்று ஒரு ஆலோசகர் நிறுவினார். அணித்தலைவன் ஜஸ்ரினைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் எமிலியானுஸின் மருமகன். ஆறு போட்டியிலும் முன்னுக்கு நின்று விளையாடி, எதிரணிக் கோல் கம்பத்தை ஒருமுறை தொட்டிருந்தான். அதுவும் களைத்துப்போய்ப் பிடித்துக்கொண்டு நின்றது.

எதிர்காலத்தைப் பற்றித் தம்பித்துரை பேசினார். வயது அறுபதை நெருங்கிய மனிதர். கல்லூரி நாட்களில் அணியில் மேலதிக வீரராக இருந்தவர், மூன்று வருடமும் கரையிலேயே இருந்தவர். அங்கிருந்து பார்த்தால்தான் ஆட்டம் விளங்கும் என்பது அவருடைய கருத்து. இப்போது இருக்கிற உறுப்பினர்கள் ஆளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றால், 2012இல் யாராலும் அசைக்க முடியாத அணி ஒன்று எங்களிடம் இருக்கும் என்று அவர் வரைபடத்தோடு காட்டினார். கலியாணம் ஆகாதவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றும் வாசிக்கப்பட்டது. அதில் தன் பெயரைக் கேட்டுத் தவராஜா தலையாட்டினான். அவன் எட்டாவது விடயத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். எட்டாவது விடயம் அவனுடைய விண்ணப்பம்.

அது வந்ததும், விண்ணப்பதாரர் சபையில் இருக்கக்கூடாது என்று சொல்லி அவனைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். அங்கே எமிலியானுஸின் மனைவி யூலியானா கட்லட் பொரித்துக்கொண்டிருந்தார். புகை போவதற்காகப் பூட்டிய காற்றாடி பெரிய சத்தத்தோடு ஓடியது. உள்ளே கதைப்பது ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே மகேஸ்வரன் எழுந்து சங்க யாப்பைத் திறந்தார். நான்காம் விதியை வாசித்தார். கல்லூரி அணி எனப்படுவது கல்லூரியின் பழைய மாணவர்களை மட்டும் கொண்ட அணியாகும். ஆகவே பழைய மாணவர் அல்லாத ஒருவர் விளையாடினால் அது கல்லூரி அணி ஆகாது. அது தோற்றால் கல்லூரி தோற்றதாகாது. இப்போது சபையின் முன் ஒருவருடைய விண்ணப்பம் இருக்கிறது. தன்னைப் பழைய மாணவர் என்று உறுதிப்படுத்தும்படி கேட்டவர் சங்கத்தில் அவர் ஒருவர்தான். மற்ற ஒருவருக்கும் அப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை. ஆறு போட்டியிலும் முழு நேரமும் நின்றவரும் அவர்தான்.

சபையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு முகமாக வெளித்தது.

"அப்ப அவரை நாங்கள் உறுதிப்படுத்தினால்," என்று தம்பித்துரை மெதுவாகக் கேட்டார், "ஆறு தோல்வியையும் உறுதிப்படுத்தினதாகுமோ?"

"ஓம் அண்ணை," என்றார் மகேஸ்வரன். "உறுதிப்படுத்தாட்டி, நாங்கள் இந்த வருசம் விளையாடவே இல்லை."

ஒரு நியாயத்துக்காக அணித்தலைவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஜஸ்ரினும் தவராஜாவும் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். தவராஜாவின் கொப்பியைப் பார்த்து எழுதித்தான் ஜஸ்ரின் கணிதம் சித்தியடைந்தான். அவன் எழுந்து கொஞ்ச நேரம் மேல்கூரையைப் பார்த்தான்.

"முகம் கண்ட மாதிரித்தான் கிடக்கு," என்றான். "ஆனா வகுப்பிலை கண்டதெண்டு அடிச்சுச் சொல்லேலாது."

முதலில் ஊர் நிலைமையைக் கேட்ட அதே பின்வரிசைக்காரர் மறுபடியும் எழுந்தார். அந்தப் பெடியன் இதைப் பேர்னுக்கு அனுப்பத்தான் கேட்கிறான், இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார்.

எமிலியானுஸ் ஒலிவாங்கியை வாங்கினார். "அன்பர் சொல்வது அரசியல். எமது சங்கம் அரசியலுக்கு அப்பாற்பட்டது. ஒரு தனிமனிதன் வருவான், போவான். ஆனால் கல்லூரியின் மாண்பு என்பது நாங்கள் எல்லோரும் பாதுகாப்பாக இந்த நாட்டில் இருந்துகொண்டு காப்பாற்ற வேண்டிய ஒன்று."

பலத்த கைதட்டல் எழுந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பின்வரிசைக்காரரும் கடைசியில் கையை உயர்த்தினார். வில் நகரத்துப் பட்டறையில் அவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் எமிலியானுஸ். தீர்மானத்தின் பிரதிகளை எல்லாக் கல்லூரிச் சங்கங்களுக்கும் போட்டி ஏற்பாட்டுக் குழுவுக்கும் அனுப்பி, தோல்விகளைப் பதிவிலிருந்து நீக்கக் கேட்பது என்றும் முடிவானது.

மகேஸ்வரன் உடனே மண்டபத்தின் தட்டச்சு இயந்திரத்தில் உட்கார்ந்து கடிதத்தை டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், அடித்தார். மேற்படி தவராஜா எமது கல்லூரியில் எக்காலத்திலும் மாணவராக இருந்ததில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம். சங்கத்துக்காக அவர் எழுதிய கடிதங்களில் பிழையில்லாதது அது ஒன்றுதான். முத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார்.

தவராஜாவை உள்ளே கூப்பிட்டார்கள். அறுபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைவர் அவனைக் கட்டிப்பிடித்தார். கல்லூரிக்காக இந்த வருடம் அவனைப்போல ஒருவரும் பாடுபடவில்லை என்று சொல்லி, உறையைக் கையில் கொடுத்தார். தவராஜாவின் கண் கலங்கிவிட்டது. உறையைத் திறந்து பார்த்தான். டொச் அவனுக்குச் சமையலறை அளவுக்குத்தான் தெரியும். அவனுடைய பெயரும் கல்லூரியின் பெயரும் ஒரே வரியில் இருந்தன. அவனுக்கு அது போதும். யூலியானா ரயிலில் சாப்பிடச் சொல்லி நாலு கட்லட் சுற்றிக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலையில் அவன் அதைப் பதிவுத் தபாலில் பேர்னுக்கு அனுப்பினான்.

டிசம்பரில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவன் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கூர் நகரத்தில் அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் போனான். அவர் நரைத்த தலையுள்ள சுவிஸ்காரி. முதலில் பேர்ன் கடிதத்தையும் பிறகு சங்கக் கடிதத்தின் பிரதியையும் வாசித்தார். இரண்டாவதை மறுபடியும் வாசித்தார். இதை யார் அனுப்பியது என்று கேட்டார். தான்தான் அனுப்பியது என்று தவராஜா சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவனுக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். அவன் கடைசிச் சொல் வரைக்கும் கேட்டான். பிறகு, இது தட்டச்சில் வந்த பிழையாக இருக்க வேண்டும் என்றான்.

மேன்முறையீடு ஜனவரி இருபத்திரண்டு, திங்கட்கிழமை அனுப்பப்பட வேண்டும். அதற்குள் அதே சங்கம் திருத்தக் கடிதம் தந்தால் ஒரு வழி இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னார்.

இம்முறை அவன் நேராகத் தலைவரின் வீட்டுக்கே போனான். எமிலியானுஸ் அவனை நன்றாக உபசரித்தார். பிழை ஏதும் நடக்கவில்லை என்றும், சபை மிகுந்த யோசனையோடு எடுத்த முடிவு அது என்றும் அன்பாகச் சொன்னார். ஜனவரி இருபத்தோராம் திகதி உள்ளரங்கப் போட்டி இருக்கிறது, அதற்கும் அவன்தான் கோல் காக்க வேண்டும் என்றார். தவராஜா விழித்தான்.

"தம்பி, நீர்தான் எங்களுக்கு இப்ப முக்கியமான ஆள்," என்று எமிலியானுஸ் விளக்கினார். "நீர் நிண்டு தோத்தால் அது எங்கடை அணி இல்லை. கணக்கிலை வராது. நீர் நிண்டு வெண்டால், அண்டைக்கே நான் கூட்டத்தைக் கூட்டி உம்மைப் பழைய மாணவர் எண்டு ஏத்துக்கொள்ளுவன். கடிதம் கையிலை தருவன். கோலை மட்டும் விடாதையும்."

தவராஜா எழுந்து, கட்டாயம் வாறன் அண்ணை என்றான்.

உள்ளரங்கப் போட்டியில் அணிக்கு ஆறு பேர். முதல் ஆட்டமே நாவுக்கரசர் கல்லூரியோடு. தவராஜா அன்று விளையாடியதைப் போல ஒருவரும் அங்கே கண்டதில்லை. இரண்டு தடவை பந்தை முகத்தால் மறித்தான். ஒரு தடவை கம்பத்தில் தலை அடிபட்டு, புருவம் பிளந்து, துவாயால் கட்டிக்கொண்டு திரும்ப வந்து நின்றான். அவனுடைய அணியின் மற்ற ஐந்து பேரும் மெல்ல மெல்ல ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற தம்பித்துரை, கால் வைக்கும் முறை சரியில்லை என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது தவராஜா பந்தைப் பிடித்து, இருந்த பலம் எல்லாவற்றையும் கூட்டி எறிந்தான். அது மண்டபத்தின் மறுகரை வரை போய், சப்பாத்து நூல் கட்டக் குனிந்து எழும்பிய ஜஸ்ரினின் பிடரியில் பட்டு வலைக்குள் விழுந்தது. ஜஸ்ரின் கீழே விழுந்தான். சங்கம் முழுவதும் உள்ளே ஓடிப்போய் அவனைத் தோளில் தூக்கியது.

விசில் ஊதியபோது தவராஜா கோல் வாசலிலேயே முழங்காலில் இருந்து அழுதான். பிறகு எழும்பி, துவாயை அழுத்திப் பிடித்தபடி தலைவரைத் தேடிப் போனான்.

எமிலியானுஸ் ஏற்பாட்டுக் குழுவின் மேசைக்கு முன் நின்றார். நாவுக்கரசர் கல்லூரிக்காரர்கள் ஆட்சேபம் கொடுத்திருந்தார்கள். பழைய மாணவர் அல்லாத ஒருவரை இறக்கி வென்றது செல்லாது. ஆதாரமாக அவர்கள் வைத்தது சங்கம் தானே அனுப்பிய தீர்மானத்தின் பிரதி.

எமிலியானுஸ் தளரவில்லை. தவராஜாவைச் சங்கம் இந்த நிமிடம் முதல் பழைய மாணவராக ஏற்றுக்கொள்கிறது என்று அறிவித்தார். ஏற்பாட்டுக் குழுத் தலைவர் பொறுமையான மனிதர். அப்படியானால் வெற்றி செல்லும், ஆனால் நீக்கிய போன கோடைத் தோல்விகள் ஆறும் திரும்பப் பதிவுக்கு வரும் என்றார். இல்லையென்றால் ஆறும் இல்லை, இந்த ஒன்றும் இல்லை. எது வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லும்படி கேட்டார்.

நிர்வாகக் குழு உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது. தவராஜா வெளியே வாங்கில் இருந்தான். புருவத்திலிருந்து வடிந்தது கழுத்துக்குள் இறங்கியது. பக்கத்தில் ஜஸ்ரின் பிடரியில் ஐஸ் வைத்துக்கொண்டு இருந்தான். இரண்டு பேரும் மறுபடியும் ஒரே வாங்கில் இருந்தார்கள்.

ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. மூன்றாவது நிமிடத்தில் கதவு திறந்தது.

"அண்ணை," என்று தவராஜா எழுந்தான். "எனக்கு நாளைக்குக் கடிதம் போகவேணும்."

எமிலியானுஸ் அவனுடைய தோளில் கை வைத்தார். அவருடைய முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "தம்பி, அங்காலை ஆறு, இஞ்சாலை ஒண்டு. நீரும் படிச்ச பிள்ளைதானே. ஆறு பெரிசோ ஒண்டு பெரிசோ, நீரே சொல்லும்."

தவராஜா ஜஸ்ரினைப் பார்த்தான். ஜஸ்ரின் ஐஸ் பையை மற்றப் பக்கத்துக்கு மாற்றினான்.

மேன்முறையீடு திருத்தக் கடிதம் இல்லாமலே போனது. மார்ச் மாதத்தில் அதற்கும் பதில் வந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் பாதி கழுவப்படாமல் கிடக்க, இரண்டு பேர் வந்து தவராஜாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சங்கத்தின் அடுத்த செய்திமடலில் அணி மாற்றங்கள் என்ற பகுதியில், பந்துகாப்பாளர் தவராஜா கொழும்புக்கு மாற்றலாகிச் சென்றுள்ளார் என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே தம்பித்துரை கடந்த பருவகாலத்தை ஆராய்ந்து மூன்று பக்கம் எழுதியிருந்தார். விளையாடியது பூச்சியம், தோற்றது பூச்சியம் என்று அட்டவணை போட்டு, சுவிஸில் தோல்வியே காணாத ஒரே அணி நாங்கள்தான் என்றும், இனி வருங்காலத்திலும் இந்தச் சாதனையைக் காப்பாற்றப் பழைய மாணவர் அல்லாத ஒரு நல்ல பந்துகாப்பாளர் அவசரமாகத் தேவை என்றும் முடித்திருந்தார்.

கட்டுநாயக்காவில் விமானத்தால் இறங்கிய தவராஜாவை ஒரு அறைக்குக் கொண்டுபோனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி களைத்தவராகத் தெரிந்தார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். தவராஜா கொஞ்சம் தயங்கினான். பிறகு, புனித பெலிக்ஸ் கல்லூரி, ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரைக்கும் என்றான். ஆதாரம் இல்லை என்று தானாகவே சொன்னான்.

அதிகாரி ஆதாரம் கேட்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே நம்பினார். கல்லூரியின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுப் பிழையில்லாமல் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்து, இவன் யாழ்ப்பாணத்துக் கல்லூரிப் பெடியன், உள்ளே கொண்டுபோங்கள் என்றார்.